மருந்துக்கு வேப்பிலை என்று சிரிங்காவைப் பறிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சேட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயா மாரியம்மனுக்குக் கட்டியதெல்லாம் சிரிங்கா இலைதான். டர்பனில் வேம்பு அரிது. சிரிங்காவோ ரோட்டோரம், ஓடைக்கரை என்று தானாக முளைக்கும். தமிழ்நாட்டில் அதற்கு மலைவேம்பு என்று பெயர், வேம்புக்குச் சொந்தம்தான். தோரணம் கட்ட அது போதும், அம்மன் கோபிக்கமாட்டாள். குளிக்கவோ குடிக்கவோ என்றால் மட்டும் நிஜ வேம்பு வேண்டும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு இலையை முழுக் காம்போடு கிள்ளுங்கள். நடுக்காம்பின் இருபுறமும் நேராகச் சிற்றிலைகள் இருந்தால் வேம்பு. காம்பிலிருந்து கிளைக்காம்புகள் பிரிந்து, அவற்றில் சிற்றிலைகள் இருந்தால் சிரிங்கா. வேப்பம்பூ வெள்ளை, சிரிங்காப் பூ இளம் ஊதா. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த மரத்தில் மஞ்சள் உருண்டைகள் கொத்தாகத் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பழம்தான் எமன். என் பேரன் நாலு வயதில் கோலிக்குண்டு என்று நினைத்து வாயில் போட்டு மென்றுவிட்டான். இரவெல்லாம் வாந்தி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள். வலிப்புகூட வரலாமாம். யாராவது தின்றுவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்கவைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் விஷ உதவி எண் 0861 555 777, இரவிலும் எடுப்பார்கள். வலிப்போ மயக்கமோ வந்தால் போனில் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, அம்மைக்கு வருவோம். ஆயா இரண்டு கைப்பிடி வேப்பிலையை அலசி, ஒரு சிட்டிகை மஞ்சளோடு வாளித் தண்ணீரில் போட்டு, வெயிலில் வைத்துவிடுவாள். வெதுவெதுப்பானதும் வடிகட்டி ஊற்றுவாள். அதுவும் கொப்புளம் காய்ந்து பக்குக் கட்டிய பிறகுதான். அதுவரை அரித்தால் நகம் படாமல் இளங்கொத்தால் மெல்ல வருடுவாள். இதமாக இருக்கும், அவ்வளவே. நோய்க்கிருமியை அது கொல்லாது. காய்ச்சலுக்குப் பிள்ளைக்கு ஆஸ்பிரின் வேண்டாம். கைக்குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ அம்மை கண்டால் அன்றே டாக்டர்.

வேப்பெண்ணெயை ஒரு சொட்டுகூடக் குழந்தை வாயில் ஊற்றாதீர்கள். அதனால் வலிப்பு வந்து இறந்த குழந்தைகள் உண்டு. கர்ப்பிணிகள் வேப்பங்கஷாயத்தைத் தொடவேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் வேப்பிலைச் சாறு குடித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். என் தம்பிக்கு இதைச் சொன்னால், "ஆயா குடிக்கலையா?" என்கிறான். ஆயாவுக்குச் சர்க்கரையே இல்லையே, அப்பா!