பக்கத்தில் இருப்பவர் எழுதிய புரோகிராமைப் படிக்க வைப்பது எப்படி?

முதலாண்டு மாணவர்களுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதும் லேப் எடுக்கிறேன். வாரத்தில் ஒரு வகுப்பில் யாரும் புதிதாக எதுவும் எழுத வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் படித்தால் போதும் என்று வைத்திருக்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லுங்கள். இருபது வரிக்கு மேல் போகாத புரோகிராமைத் தாளில் கொடுங்கள். கீபோர்டு இருந்தால் ரன் பண்ணிப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சு மேடம்" என்று எழுந்துவிடுவார்கள்.

படிப்பவர் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை எழுதியவர் பேசக் கூடாது. ஐபிஎம் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த மைக்கேல் ஃபேகன் உருவாக்கிய, புரோகிராமைப் படித்துச் சோதிக்கும் முறையிலும் எழுதியவர் வேறு, வாசித்து விளக்குபவர் வேறு. எழுதியவரைப் பேச விட்டால் தான் நினைத்ததைச் சொல்வார். தாளில் இருப்பது அதுவாக இருக்காது.

அப்புறம் ஒரு அட்டவணை. ஒவ்வொரு வேரியபிளுக்கும் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) ஒரு நெடுவரிசை, லூப்பின் (திரும்பத் திரும்ப நடக்கும் பகுதி) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி. 1 முதல் 5 வரை கூட்டும் புரோகிராம் ஒரு மாணவியிடம் வந்தது. எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் கட்டளையின் அடைப்புக்குள் 1, 5 என்று இருந்தது. எண்ணுக்கு 1, 2, 3, 4 என்றும், கூட்டுத்தொகைக்கு 1, 3, 6, 10 என்றும் எழுதிக்கொண்டே வந்தவள் பென்சிலை நிறுத்தினாள். "15தானே வரணும்?" ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது என்று நான் போர்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவளுக்கும் அதை எழுதியவருக்கும் அன்றைக்குத்தான் அது பிடிபட்டது.

'தப்பு' என்று எழுத விடாதீர்கள், கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். "4ஆல் வகுபட்டால் லீப் வருடம் என்கிறாயே, 1900 கொடுத்தால்?" "சராசரி எடுக்கும்போது பட்டியல் காலியாக இருந்தால்?" ஆளுக்கு இரண்டு கேள்வி போதும். விடை கண்டுபிடித்துத் திருத்துவது எழுதியவர் வேலை. படித்தவர் அதில் கை வைக்கக் கூடாது.

மார்க் விஷயத்தில் கவனம். தொடக்கத்தில் பிழைக்கு ஒரு மார்க் குறைத்தேன். அடுத்த வாரம் எல்லாத் தாளிலும் 'நன்றாக உள்ளது'. தோழியின் மார்க்கை யார் குறைப்பார்கள்? இப்போது நல்ல கேள்வி கேட்டவருக்குத்தான் மார்க்.

ஜோடியை வாரா வாரம் மாற்றுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் தாள் தயங்குகிற பிள்ளையிடமும் போகட்டும். கடைசிப் பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் திறந்து திருத்தி ரன் செய்யட்டும். கேள்விகள் எழுதிய பழைய தாளை ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.