மொட்டை மாடிச் சூட்டைத் தணிக்கும் பெர்லைட் கான்கிரீட்: முதன்முறை போடுபவர்களுக்கு

கடலூரிலும் பாண்டியிலும் மே மாதம் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இரவு பத்து மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்கும். அதைக் குறைக்க ஒரு நல்ல வழி, பெர்லைட்டைச் சிமெண்டில் கலந்து கூரை மேல் பரப்புவது.

பெர்லைட் ஓர் எரிமலைக் கண்ணாடிப் பாறை. கிரீஸின் மிலோஸ் தீவிலும் துருக்கியிலும் நிறைய வெட்டியெடுக்கிறார்கள். பாறைக்குள் 2 முதல் 5 சதவீதம் நீர் சிக்கியிருக்கும். 850, 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் கண்ணாடி இளக, நீர் ஆவியாகி, சோளம் பொரிவது போலப் பல மடங்கு உப்பிவிடும். கிடைக்கும் வெள்ளைக் குருணையில் பெரும்பங்கு காற்றுதான். திரவ ஆக்சிஜன், எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) டேங்குகளின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே இதை நிரப்புவதும் அந்தக் காற்று வெப்பத்தைத் தடுப்பதால்தான். இதையே அரைத்துச் சமையல் எண்ணெய், பீர் வடிகட்டவும் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அரைபடாத குருணைதான் வேண்டும். இந்த வேலை முழுக்கக் குருணையை நொறுக்காமல் காப்பாற்றுவதுதான்.

படி 1: சின்னதாகப் போட்டுப் பாருங்கள். ஒரு மக் சிமெண்ட், ஆறு மக் பெர்லைட், சுமார் ஒன்றரை மக் தண்ணீர். முதலில் சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். பெர்லைட் கடைசியில்தான். எல்லாக் குருணையிலும் சிமெண்ட் பூசியதும் நிறுத்திவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், ஓரிரு சொட்டுதான் வடிய வேண்டும். இறுகியதும் உடைத்துப் பாருங்கள். வெள்ளைக் குருணை முழுசாகத் தெரிந்தால் சரி. மாவாகியிருந்தால் அதிகம் கிளறிவிட்டீர்கள், அது சூட்டைத் தடுக்காது.

படி 2: கணக்கு. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 100 லிட்டர் பெர்லைட் பை இரண்டு. இரண்டு அங்குல கனத்தில் ஏறக்குறைய 40 சதுர அடி வரும். காய்ந்த பின் இதன் எடை கன மீட்டருக்கு 500 கிலோவுக்குள்தான் இருக்கும். சாதாரண கான்கிரீட் 2400 கிலோ. பழைய கூரைக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். ஆனால் பாரம் தாங்கும் தூணுக்கோ தளத்துக்கோ இது கூடவே கூடாது.

படி 3: போடுவது. முதலில் கூரை விரிசலை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். காலையிலேயே கலவையைத் தொடங்குங்கள். மதியம் கடல் காற்று எழுந்தால் பெர்லைட் பறந்து கண்ணில் விழும். மாஸ்க், கண்ணாடி கட்டாயம். மழைநீர்க் குழாய் பக்கம் வாட்டம் வைத்துப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்தால் போதும். திம்சு (இடிகட்டை) போட்டு இடிக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் கை அங்கேதான் போகும். நடக்கப் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் நனையுங்கள். அப்புறம் ஒரு வாரமாவது வெயிலில் நன்றாகக் காயட்டும். இந்தத் தளம் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் காற்று இருந்த இடத்தில் நீர் நின்று சூடு உள்ளே இறங்கும். அதனால் மேலே சிமெண்ட் கலவை போட்டுத் தட்டோடு பதித்து, இடுக்குகளை நீர்த்தடுப்புக் கலவையால் அடைப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பங்குனியில் ஆரம்பிப்பது நல்லது. முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எங்காவது தேங்கினால் வாட்டத்தை அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள்.