தூரத்து மின்னல் எந்தத் திசையில விழுதுன்னு வீட்டுலேருந்தே கண்டுபிடிக்கலாம் (டர்பன்காரங்களுக்கு)

டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு அந்தாண்ட இடி இடிச்சிட்டிருக்கும், இங்க சாட்ஸ்வர்த்துல வானம் பளிச்சுன்னு இருக்கும், ஒரு சத்தமும் கேக்காது. ஆனாலும் அந்த மின்னல் எங்க விழுதுன்னு சொல்ல முடியும். மின்னல் வெட்டுறப்போ வெளிச்சத்தோட ரேடியோ அலையும் கெளம்புது, அதுல பலமான பங்கு 5லேருந்து 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு. கீழ தரை, மேல அயனமண்டலம் (வானத்துல மின்சாரம் கடத்துற அடுக்கு, பகல்ல சுமார் 70 கிமீ உயரம், ராத்திரி 85, 90), ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அது ஆயிரக்கணக்கான கிமீ போயிரும். இதுக்கு ஸ்ஃபெரிக்னு பேரு.

முக்கியமான விஷயம், உங்க காதுக்கே இடி கேட்டுச்சுன்னா புயல் பக்கத்துல வந்துருச்சுன்னு அர்த்தம், எல்லாத்தையும் கழட்டிட்டு உள்ள போயிருங்க. இது தூரத்துப் புயலுக்கு மட்டும்தான்.

ஸ்டெப் 1. பழைய ஏஎம் ரேடியோ இருந்தா ஸ்டேஷன் இல்லாத எடத்துல வெச்சுக் கேளுங்க. சட், சட்டுனு வர்றதுல நெறைய மின்னல்தான். சத்தம் பெருசா இருந்தா கிட்டன்னு மட்டும் நெனைக்காதீங்க, தூரத்துல விழுற பெரிய மின்னல் கிட்டத்துச் சின்ன மின்னல விட சத்தமா கேக்கும்.

ஸ்டெப் 2. 60 செமீ சதுரத்துல ஒரு மரச்சட்டம், அதுல எனாமல் பூசுன செப்புக் கம்பி 60 சுத்து, மொத்தம் 150 மீட்டர் கம்பி வாங்கிக்கோங்க. ரெண்டு முனையையும் யூஎஸ்பி சவுண்ட் கார்டோட மைக் ஜாக்ல குடுங்க. சட்டம் நிமிர்ந்து நிக்கணும், படுக்க வெச்சா பிரயோஜனம் இல்ல. ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல 48 கிலோஹெர்ட்ஸ்ல ரெக்கார்ட் பண்ணி ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்துல எந்த அலைவரிசை வருதுன்னு காட்டுற படம்) பாருங்க, மேலேருந்து கீழ மெல்லிசா கோடு கோடா விழும், ஒவ்வொண்ணும் ஒரு மின்னல்.

ஸ்டெப் 3. அடியில தடியா ஒரு பட்டை தெரியும், அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டும் அதோட மடங்குகளும். எல்ஈடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, லேப்டாப்ப பேட்டரில ஓட்டி, வீட்டு முற்றத்துல வெச்சுப் பாருங்க. லோட் ஷெட்டிங்க எல்லாரும் திட்டுனோம், ஆனா இந்த வேலைக்கு அத விட நல்ல நேரம் கெடைக்காது, தெரு முழுக்க கரண்ட் போனதும் அந்தப் பட்டை அப்படியே காணாமப் போயிரும்!

ஸ்டெப் 4. இத விட்டுட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. மின்னலத் தேடுறதுக்கு முன்னாடி, எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒண்ண வெச்சு சட்டத்த டெஸ்ட் பண்ணணும். ஆஸ்திரேலியா மேற்குக் கரையில நார்த் வெஸ்ட் கேப்ல ஒரு கடற்படை டிரான்ஸ்மிட்டர் 19.8 கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது, ஸ்பெக்ட்ரோகிராம்ல மேல ஓரத்துல படுக்கைக் கோடா தெரியும். டர்பன்லேருந்து அது சுமார் 106 டிகிரி (வடக்க 0ன்னு வெச்சு கிழக்குப் பக்கமா எண்ணணும்), அதாவது கிழக்குலேருந்து கொஞ்சம் தெக்க. சட்டத்த மெதுவா சுத்துங்க, கோடு மங்கி மறையுற எடத்துல சட்டத்தோட முகம் டிரான்ஸ்மிட்டரப் பாத்து நிக்கும். பலமா வர்ற எடத்த விட மறையுற எடம்தான் கூர்மை, அதையே நம்புங்க. இன்னொண்ணு, இங்க காந்த ஊசி உண்மையான வடக்குலேருந்து சுமார் 25 டிகிரி மேற்க தள்ளிக் காட்டும், அதனால சாதா காம்பஸ்ல 131னு வரணும். போன் காம்பஸ்னா ட்ரூ நார்த் செட்டிங்க ஆன் பண்ணிக்கோங்க.

ஸ்டெப் 5. புயல் ஒண்ணே ஒண்ணு இருக்குற நாளா பாத்து அதே மாதிரி சுத்துங்க, கோடுங்க சின்னதாகுற கோணம்தான் திசை. ஆனா முன்னாடியா பின்னாடியான்னு சட்டத்துக்குத் தெரியாது, 280ன்னாலும் 100ன்னாலும் ஒரே மாதிரிதான் காட்டும். 100ன்னா இந்தியப் பெருங்கடல், 280ன்னா லெசோத்தோ, கோடை சாயங்காலத்துல எதுன்னு நீங்களே ஊகிச்சிரலாம்.

ஸ்டெப் 6. ஒரு ஆளுக்கு திசைதான் கெடைக்கும், எடம் வேணும்னா ரெண்டாவது ஆள் வேணும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியால மச்சான் யாராச்சும் இருந்தா அவரையும் ஒரு சட்டம் செய்யச் சொல்லுங்க. உங்களுக்கு 280, அவருக்கு 185ன்னு வந்தா மேப்ல ரெண்டு கோடும் லெசோத்தோ தலைநகர் மசேரு பக்கம் வெட்டிக்கும். மசேரு இங்கேருந்து 350 கிமீ, 5 டிகிரி தப்புனா 30 கிமீ தள்ளிப் போயிரும், அத ஏத்துக்கத்தான் வேணும். புயல் உங்க ரெண்டு பேருக்கும் நேர் நடுவுல இருந்தா கோடுங்க வெட்டிக்கவே வெட்டிக்காது, மூணாவது ஆளத் தேடுங்க.

ஸ்டெப் 7. இதுக்கு மேல போகணும்னா திசைய விட்டுட்டு நேரத்துக்கு வரணும், பெரிய நெட்வொர்க்குங்க அப்படித்தான் பண்ணுது. அலை ஒரு மைக்ரோசெகண்டுல 300 மீட்டர் போகுது, டர்பனுக்கும் லெனேஷியாவுக்கும் 500 கிமீ, அப்போ ரெண்டு பேருக்கும் வர்ற நேர வித்தியாசம் அதிகபட்சம் 1.7 மில்லிசெகண்ட். லேப்டாப் கடிகாரம் ஒரு மில்லிசெகண்ட் தப்புனாலே 300 கிமீ போச்சு, அத நம்பி ஒண்ணும் ஆகாது. ஸ்டீரியோ லைன்-இன் இருக்குற கார்டுல ஒரு சேனலுக்கு சட்டம், இன்னொண்ணுக்கு ஜிபிஎஸ் மாட்யூல் செகண்டுக்கு ஒண்ணா குடுக்குற பல்ஸ். வோல்டேஜ ரெசிஸ்டர் போட்டுக் கொறைச்சுக் குடுங்க, இல்லன்னா கார்டு காலி. 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சாம்பிள் (கார்டு ஒரு தடவ அளக்குறது) சுமார் 21 மைக்ரோசெகண்ட், அது 6 கிமீ. ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல கெடைக்கிற வித்தியாசம் மேப்ல ஒரு வளைகோடு, மூணாவது ஸ்டேஷன் வந்தா இன்னொரு வளைகோடு, வெட்டுற எடம்தான் மின்னல். சில சமயம் ரெண்டு எடத்துல வெட்டும், அதுக்கு நாலாவது ஆள் வேணும். வாஷிங்டன் யூனிவர்சிட்டி நடத்துற உலக நெட்வொர்க்கே குறைஞ்சது 5 ஸ்டேஷன் கேக்குது.

உங்க கணக்கு சரியான்னு இணையத்துல மின்னல் விழுற எடத்தக் காட்டுற பிளிட்சோர்டுங் மேப்ல பாத்துக்கோங்க, அதுவும் தன்னார்வலர்கள் வீட்டுல வெச்ச ரிசீவர்லேருந்து வர்றதுதான்.