ஆட்சேர்ப்பு நிறுத்தத்திலும் மருத்துவ உளவியல் பயிற்சியிடங்களைக் காப்பது எப்படி?

அரச துறையில் ஆட்சேர்ப்பு நிறுத்தப்படும்போது முதலில் கைவைக்கப்படுவது வெற்றிடமாகக் கிடக்கும் பதவிகளில்தான். ஆனால் பயிற்சியிடங்களும் அதே கோப்பில் இருந்தால், அவையும் சேர்ந்தே அடிபட்டுப்போகும். ஆகவே கொழும்பு வைத்தியசாலையொன்றில் பயிற்சிக்குப் பொறுப்பாக இருப்பவர் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பைத் திறக்க வேண்டும். பயிற்சியிடத்துக்கான கோரிக்கைக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே, “இக்கோரிக்கை புதிய நியமனத்துக்கானதன்று, பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்த முதுதத்துவமாணி (MPhil) மாணவருக்கு மேற்பார்வையுடன் கூடிய சிகிச்சைப் பயிற்சி வழங்குவதற்கானது” என்று எழுதிவிடுங்கள். விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இரண்டாம் பந்திவரை வாசிப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

உண்மையில் ஆபத்து மாணவர் பக்கத்தில் இல்லை. மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கிறது. அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால் 2022 டிசம்பர் 31 அன்று பல துறைகளில் அனுபவசாலிகள் ஒரே நாளில் வெளியேறியதை நாம் பார்த்தோம். மேற்பார்வை செய்யத் தகுதியுள்ள ஒருவர் ஓய்வுபெற்றோ சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்றோ போனால், ஆட்சேர்ப்பு நிறுத்தத்தில் அவருடைய கதிரை நிரப்பப்படாது. பயிற்சியும் அத்தோடு நின்றுவிடும். எனவே உங்கள் பிரிவில் உள்ளோரின் ஓய்வுத் திகதிகளை இப்போதே பட்டியலிட்டு, குறைந்தது ஓராண்டுக்கு முன்னரே சுகாதார அமைச்சின் ஊடாக திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்துக்கு, அப்பதவிகளை நிரப்புவதற்கான நியாயங்களை அனுப்புங்கள். அதற்கிடையில் தேசிய வைத்தியசாலை, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் போன்ற இடங்களுக்கிடையே மேற்பார்வையைப் பகிர்ந்துகொள்ள எழுத்துமூல உடன்பாடு செய்வது நல்லது. வாய்மொழி ஒத்துழைப்பு பணிப்பாளர் மாறியதும் போய்விடும்.

மேற்பார்வைக் குறிப்பேட்டில் திகதி, நேரம், நோயாளியின் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீடு, அமர்வு நடந்த மொழி, இருவரின் கையொப்பம் ஆகியன இருக்க வேண்டும். மொழிக்கான நிரலைத் தவறவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ வரும் ஒருவர் தன் துக்கத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முன்னிலையில் சொல்ல நேர்வது சிகிச்சைக்கே இடைஞ்சல். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரச கரும மொழியாக ஏற்றுள்ளதால், தமிழில் அமர்வு நடத்தக்கூடிய பயிற்சியாளரின் தேவையை அந்த நிரலே திறைசேரிக்கு எடுத்துக் காட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: வெற்றிடத்தை ஈடுசெய்ய மாணவரைத் தனியே கிளினிக்கில் உட்காரவைக்கக் கூடாது. நோயாளிக்கு அது பாதுகாப்பில்லை. அத்துடன், “பதவி நிரப்பப்படாமலேயே வேலை நடக்கிறதே” என்ற கேள்விக்கு நீங்களே சான்று கொடுத்ததாகிவிடும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரிக்கையின் நிலையைக் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். கிடைக்கும் பதிலைக் குறிப்பேட்டின் பிரதியோடு அடுத்த ஆண்டின் வரவு செலவு மதிப்பீட்டுக் கோரிக்கையில் இணையுங்கள்.