சிறகு விரியாத வண்ணத்துப்பூச்சி

நல்லூரில் எங்கள் வளவுத் தேசிக்கன்றில் பறவை எச்சம்போல ஒட்டியிருந்த குட்டிப் புழுக்களைப் பிள்ளைகள் ஜாம் போத்தலில் வளர்த்தார்கள். தோல் கழற்றிக் கழற்றிப் பச்சையாகி, கூட்டுப்புழுவும் ஆயின. ஆனால் முதலில் வெளிவந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் சுருங்கியபடியே காய்ந்துவிட்டன. மகள் அழுதாள், எனக்கும் மனம் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் குறை போத்தலில்தான். வெளிவந்ததும் அது ஏறித் தொங்கி, உடல் நீரைச் சிறகுகளுக்குள் செலுத்தி விரிக்க வேண்டும். வழுக்கும் கண்ணாடியில் எப்படி ஏறும்?

அடுத்த முறை ஒரு பெட்டியைப் பழைய நுளம்பு வலையால் மூடி, உள்ளே சொரசொரப்பான பூவரசங்குச்சிகளைச் சாய்த்து வைத்தோம். தினமும் புது இலை, எச்சத்தையும் துடைத்தோம். மருந்தடித்த இலை மட்டும் கூடவே கூடாது. ஐந்தும் சிறகு விரித்தன! நன்றாகக் காயவிட்டு, செவ்வரத்தைப் பக்கம் பறக்கவிட்டார்கள்.