பழைய வெக்டர் கோப்புகளை டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேசர் கட்டிங், சிஎன்சி ரூட்டர் (கணினி இயக்கும் வெட்டும் இயந்திரம்) பட்டறைகளுக்கு வந்து சேரும் வடிவங்களில் பல, வெட்டுவதற்காக வரையப்பட்டவையே அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அச்சுக்காகவோ பெயர்ப்பலகைக்காகவோ கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருள்களில் வரைந்து, யாருடைய ஹார்ட் டிஸ்க்கிலோ கிடந்த கோப்புகள் அவை. அவற்றைப் பொறியியல் வரைபட மென்பொருளான ஆட்டோகேடும் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளும் படிக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றும் வேலையைப் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடமே கொடுக்கிறோம். நாங்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது செய்த பிழைகளை அவர்களும் வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். தவறான பெயரில் சேமிப்பது, வேறு கோப்பை அனுப்பிவிடுவது போன்றவை ஒரு முறை திட்டு வாங்கினால் தீர்ந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அளவைச் சரிபார்க்காமல் வெட்ட அனுப்புவது

வெக்டர் கோப்புக்குள், அதாவது புள்ளிகளாலான படமாக இல்லாமல் கோடுகளாகவே வரைந்த கோப்புக்குள், இருப்பவை வெறும் எண்கள். அந்த எண்கள் எந்த அலகைக் குறிக்கின்றன என்பது கோப்பு வடிவத்துக்குக் கோப்பு வடிவம் மாறும். அச்சுக்குப் பயன்படும் இபிஎஸ் கோப்பில் ஓர் அலகு என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. பேனாவால் வரையும் இயந்திரமான பிளாட்டருக்காக எழுதப்பட்ட எச்பிஜிஎல் கோப்பில் ஓர் அலகு 0.025 மி.மீ., அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 40 அலகுகள். இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பில் நிலைமை இன்னும் சிக்கலானது: இன்றைய விதிப்படி அங்குலத்துக்கு 96 பிக்சல், இல்லஸ்ட்ரேட்டர் 72 என்ற கணக்கில் எழுதுகிறது, 2017இல் வந்த 0.92 பதிப்புக்கு முந்தைய இங்க்ஸ்கேப் 90 என்ற கணக்கில் எழுதியது.

மில்லிமீட்டரை அங்குலமாகப் படித்துவிட்டால் 600 மி.மீ. அகலக் கதவு 15,240 மி.மீ. ஆகித் திரையைத் தாண்டி ஓடும். அதைப் பார்த்து எவரும் தகட்டை ஏற்றமாட்டார்கள் என்பதால் அந்தப் பிழையால் பொருள் நட்டம் வருவதில்லை. தகட்டைக் கெடுப்பது 90க்கும் 96க்கும் இடையிலுள்ள சிறிய வித்தியாசம்தான்.

ஒரு பட்டறையில் பூஜையறைக் கதவுக்கான ஜாலி (துளைகளாலான வலைப்பின்னல்) வேலைப்பாடு ஒன்றை 2 மி.மீ. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் வெட்டினார்கள். வாடிக்கையாளர் தந்தது பழைய இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜி. அதை 96 என்று எடுத்துக்கொண்ட மென்பொருள் ஒன்றின் வழியாக டிஎக்ஸ்எஃப் ஆக்கினார்கள். 600 மி.மீ. இருக்க வேண்டிய அகலம் 562.5 மி.மீ. ஆகியிருந்தது. உயரமும் அதே விகிதத்தில் குறைந்திருந்ததால் திரையில் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. ‘அலகு பார்த்தாயா?’ என்று கேட்டதற்கு, ‘மில்லிமீட்டர்தான் சார்’ என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான், ஏனெனில் மாற்றிய கோப்பில் அலகு மில்லிமீட்டர் என்றுதான் பதிந்திருந்தது. வெட்டி, மெருகேற்றி, தச்சர் செய்து வைத்திருந்த தேக்குச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்த பிறகுதான் பக்கவாட்டில் இடைவெளி தெரிந்தது. 8 மி.மீ. போல்ட் துளைகளும் 7.5 ஆகச் சுருங்கியிருந்ததால் போல்ட்டும் நுழையவில்லை.

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது அதற்குப் பிறகு செய்த திருத்தம். காரணத்தைத் தேடாமல், சட்டத்தின் உள்ளளவை டேப்பால் எடுத்து, அகலத்தை மட்டும் அதற்குச் சரியாக இழுத்துவிட்டு, உயரத்தைக் கண்ணளவில் கூட்டினார்கள். வட்டங்கள் எல்லாம் நீள்வட்டங்களாயின; துளைகள் கீலோடு சேரவில்லை; சட்டத்துக்குள் நுழையத் தேவையான இடுக்கையும் யாரும் விடவில்லை. இரண்டாவது தகடும் ஸ்கிராப்புக்குப் போனது. பிழையின் விகிதத்தை ஒரு முறை கணக்கிட்டிருந்தால் காரணம் உடனே தெரிந்திருக்கும்: 562.5ஐ 600ஆல் வகுத்தால் 0.9375, அது 90 வகுத்தல் 96. இதேபோல் 0.75 வந்தால் 72 கணக்கில் எழுதியதை 96 என்று படித்திருக்கிறார்கள், ஏறத்தாழ 2.83 வந்தால் இபிஎஸ் புள்ளிகளை மில்லிமீட்டராக எடுத்திருக்கிறார்கள். 40 வந்தால் எச்பிஜிஎல்.

எஸ்விஜி என்பது உரைக் கோப்பு என்பதால் நோட்பேடில் திறந்து பக்க அகலத்தையே பார்த்துவிடலாம். ஏ4 பக்கத்தின் அகலம் 744.09 என்றிருந்தால் 90, 793.70 என்றிருந்தால் 96, 595.28 என்றிருந்தால் 72. புதிய இங்க்ஸ்கேப் பழைய கோப்பைத் திறக்கும்போது இதைப் பற்றிக் கேள்வி கேட்கும். படிக்காமல் ஓகே அழுத்துகிறவர்களுக்கு அதனால் பயனில்லை.

எந்தக் கோப்பு வடிவமாக இருந்தாலும், உண்மையான ஓர் அளவை வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது பெரிய அளவாக, கதவின் முழு அகலம் போன்றதாக இருக்கட்டும். சிறிய துளையை அளந்தால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணில் படாது. ஆட்டோகேடில் டிஸ்ட் கட்டளையால் அதே நீளத்தை அளந்து, மாறுபட்டால் ஸ்கேல் கட்டளையின் ரெஃபரன்ஸ் தெரிவால் முழு வரைபடத்தையும் ஒரே விகிதத்தில் திருத்துங்கள். டிஎக்ஸ்எஃப் தலைப்பகுதியில் இன்ஸ்யூனிட்ஸ் என்ற குறிப்பு 4 என்றிருந்தால் மில்லிமீட்டர், 1 என்றிருந்தால் அங்குலம்; ஆனால் அது ஒட்டப்பட்ட சீட்டு மட்டுமே, கோடுகளின் நீளத்துக்கு அது பொறுப்பேற்காது, பழைய ஆட்டோகேட் பதிப்பான ஆர்12இன் வடிவக் கோப்பில் அந்தக் குறிப்பே கிடையாது. பெரிய முகப்புகளை இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்திருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: அதன் வரைபரப்பு நெடுங்காலம் 227 அங்குலத்தைத் தாண்டாததால் பலர் 1:10 அளவில் வரைந்தார்கள், அந்த விகிதம் பெரும்பாலும் கோப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

மறைத்ததை அழித்ததாக நினைப்பது

அச்சுக்கு வரைகிறவர் வேண்டாத பகுதியை வெட்டி நீக்குவதில்லை. அதன்மேல் ஒரு வெள்ளைச் செவ்வகத்தை வைத்துவிடுவார், அல்லது எல்லைக்கு வெளியே நீள்வதை மறைக்கும் கோரலின் பவர்கிளிப்புக்குள் அடைத்துவிடுவார். காகிதத்துக்கு அது போதும். டிஎக்ஸ்எஃப் ஆக்கும்போது நிரப்பிய நிறம் போய்விடுவதால், அடியிலிருந்த கோடுகளும் மூடிய செவ்வகத்தின் விளிம்புகளும் சேர்ந்து வெளியே வரும். லேசர் அவை அனைத்தையும் வெட்டும். மாற்றுவதற்கு முன் கோரலில் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃப்ரேம் காட்சியில் ஒரு முறை பார்த்தால் ஒளிந்திருப்பவை எல்லாம் தெரிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரட்டைக் கோடுகளை ஆட்டோகேடின் ஓவர்கில் கட்டளை நீக்கும், ஆனால் அதற்குப் படிந்த கோட்டுக்கும் வடிவமைப்பாளர் வேண்டுமென்றே அருகில் வைத்த கோட்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதால் எவ்வளவு நெருக்கத்தை ஒரே கோடாகக் கொள்வது என்று சொல்லும் டாலரன்ஸ் எண்ணைத் தாராளமாக ஏற்றிவிடாதீர்கள்.

தடித்த கோட்டை அப்படியே அனுப்புவது

3 மி.மீ. தடிமனுள்ள கோட்டின் நடுப்பகுதி மட்டுமே டிஎக்ஸ்எஃப் கோப்புக்குப் போகும்; கண்ணுக்குத் தெரிந்த விளிம்பு அதிலிருந்து 1.5 மி.மீ. வெளியே இருந்தது. தடிமன் தேவையென்றால் அதை வடிவமாக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

படத்தை வெக்டர் என்று நம்புவது

கோரலின் சிடிஆர் கோப்புக்குள் புள்ளிகளாலான ஜேபெக் படம் ஒட்டியிருந்தால் அது ஜேபெக்தான், வெட்டுவதற்குக் கோடு இருக்காது.

தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே விடுவது

பழைய பெயர்ப்பலகைக் கோப்புகளில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாமினியில் எழுதிய பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டால் பெயரே மாறிவிடும். எழுத்துரு நிறுவப்பட்ட கணினியிலேயே வளைகோடுகளாக மாற்றி வாங்குவதுதான் வழி. கடை முதலாளியின் பெயரை நாமே தட்டச்சு செய்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகு வாதாட முடியாது.

வளைகோடாக மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. இந்த எழுத்துருக்களில் ‘கி’, ‘தி’ போன்றவற்றின் கொக்கி தனி வடிவமாக வந்து மெய்யெழுத்தின்மேல் லேசாகப் படிந்திருக்கும். அச்சில் இரண்டும் கறுப்பு என்பதால் தெரியாது. தகட்டில் வெட்டும்போது கொக்கி சேரும் இடத்தில் எழுத்தின் நடுவே ஒரு வெட்டு விழுந்து, கொக்கி கையோடு கழன்று வரும். ஒவ்வோர் எழுத்தையும் தேர்ந்தெடுத்து, கோரலின் வெல்ட் கட்டளையால் ஒரே வடிவமாக இணைத்த பிறகே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

மூலக் கோப்பின்மேலேயே சேமிப்பது

வேண்டாம்.

வளைவுகளைத் தூளாக்குவது

இல்லஸ்ட்ரேட்டரிலும் இங்க்ஸ்கேப்பிலும் பார்க்கும் வட்டம், கோப்பு வெளியே போகும்போது நான்கு பெசியர் வளைவுகளாகிவிடுகிறது (கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வரையறுக்கும் வளைவுகள்). உண்மை வட்டத்திலிருந்து அது விலகும் அளவு ஆரத்தில் ஏறத்தாழ 0.027 விழுக்காடு என்பதால் வெட்டுவதற்கு அது தடையல்ல. ஆனால் ஆட்டோகேடில் அதற்கு மையமும் இல்லை, விட்டமும் இல்லை; துளைகளைக் கண்டுபிடித்துத் தரும் மென்பொருளும் அதைத் துளையாக ஏற்பதில்லை. போல்ட் துளைகளை மட்டுமாவது அழித்துவிட்டு சர்க்கிள் கட்டளையால் புதிதாக வரைவது ஐந்து நிமிட வேலை.

மற்ற வளைவுகளில் ஆட்டோகேட் ஆர்12 வடிவம் கவனத்துக்குரியது. 1992இல் வந்த அந்தப் பதிப்பின் வடிவத்தைப் பழைய இயந்திரங்கள் சிக்கலின்றிப் படிக்கும் என்பதால் பலர் பழக்கத்தில் அதையே தெரிவு செய்கிறார்கள். அதில் வளைவை வளைவாகவே பதியும் ஸ்ப்லைன் என்ற உருவே இல்லாததால் மாற்றும் மென்பொருள் ஒவ்வொரு வளைவையும் நேர்க்கோட்டுத் துண்டுகளாக்கும். அளவுக்கு மீறி நுணுக்கமாக வைத்தால் துண்டுக்குத் துண்டு இயந்திரம் வேகம் குறைந்து, நின்ற இடமெல்லாம் மரத்திலும் அக்ரிலிக்கிலும் கருகல் விழும். தளர்த்தி வைத்தால் வட்டம் பலகோணமாகத் தெரியும். 100 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 0.05 மி.மீ. விலகலுக்குள் வைக்க ஏறத்தாழ நூறு துண்டுகளே போதும். உங்கள் இயந்திரத்தின் மென்பொருள் ஸ்ப்லைனை ஏற்குமானால் ஆட்டோகேட் 2000 வடிவத்தில் சேமியுங்கள். ஏற்காவிட்டால் துண்டுகளாக்கும் வேலையை ஏற்றுமதி பொத்தானிடம் விடாமல், விலகல் அளவைக் கேட்கும் மென்பொருளில் நீங்களே எண்ணைக் கொடுத்து, வட்ட வில்களாக மாற்றும் வசதி இருந்தால் அதையே முதலில் முயன்று பாருங்கள்.