சைலிட் பூச்சிக்குள் சிட்ரஸ் கிரீனிங் கிருமி இருக்கிறதா? சோதிக்கும் முறை

சிட்ரஸ் கிரீனிங் என்பது எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களைத் தாக்கும் பாக்டீரியா நோய். லிமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை வகை) இலை திட்டுத்திட்டாக மஞ்சளடிக்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கிருமி மரத்துக்குள் புகுந்து அறிகுறி வெளியே தெரிய மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். அதுவரை எல்லாக் கிளையிலும் ஒரே அளவில் இருக்காது. நாம் பறிக்கும் இலையில் கிருமியே இல்லாமல் போகலாம். அதனால்தான் அதைச் சுமக்கும், தளிரின் சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சியைச் சோதிக்கச் சொல்கிறேன். பைப்பெட் பிடிக்கத் தெரியும், டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் (கியூபிசிஆர்) கருவி கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பிடிப்பது

பினாங்கின் பாலிக் புலாவ் தோட்டமோ கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுத் தொட்டியோ, இளந்தளிரைப் பாருங்கள். வளர்ந்த பூச்சி 3–4 மி.மீ., பழுப்புப் புள்ளிகளோடு, தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி 45 டிகிரி சாய்வில் உட்கார்ந்திருக்கும். குஞ்சு தட்டையாக, மஞ்சளாக, வெள்ளை மெழுகு நூலோடு தளிரில் ஒட்டியிருக்கும். கெமுனிங் (ஆரஞ்சு மல்லிகை) வேலியையும் கறிவேப்பிலையையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் கறிவேப்பிலையில் பிடித்த பூச்சி சுத்தமாக இருந்தால் பக்கத்து எலுமிச்சையும் சுத்தம் என்று அர்த்தமில்லை.

வெயில் ஏறுமுன் கிளைக்கடியில் வெள்ளை அட்டையைப் பிடித்து, பிவிசி குழாயால் மூன்று தட்டு தட்டுங்கள். விழுவதை உறிஞ்சு குழலால் எடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பசையும் நம் ஊர் வெயிலும் சேர்ந்து டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

பிடித்த இடத்திலேயே 95% எத்தனாலில் போடுங்கள். உயிரோடு ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவே கூடாது. விவரத்தைப் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டை டியூபுக்குள் போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பிறகு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

குஞ்சும் வளர்ந்த பூச்சியும் தனித்தனி டியூபில் இருக்கட்டும். குஞ்சால் பறக்க முடியாது; அதில் கிருமி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மரத்தைத்தான். வளர்ந்த பூச்சி வேறெங்கிருந்தோ பறந்து வந்திருக்கலாம்.

2. டிஎன்ஏ எடுப்பது

பெரும்பாலும் சோதனை சொதப்புவது இங்கேதான். பூச்சியில் மிஞ்சிய எத்தனால் பிசிஆரைத் தடுக்கும். கிருமி இருந்தும் 'இல்லை' என்றே முடிவு வரும். வடிதாளில் ஒற்றி, மூடியைத் திறந்தபடி 37 டிகிரியில் வைத்து, வாடை முழுவதும் போன பிறகே அரைக்கத் தொடங்குங்கள். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டின் கழுவுநீரிலும் எத்தனால் உண்டு. கடைசிக் கழுவலுக்குப் பின் டிஎன்ஏ ஒட்டியிருக்கும் வடிகுழலை (column) காலியாகவே இன்னொரு நிமிடம் சுழற்றிவிட்டுத்தான் டிஎன்ஏவை இறக்க வேண்டும். புதியவர்களுக்கு ரசாயனங்களை நாமே கலந்து பிரிக்கும் சிடிஏபி முறை வேண்டாம், கிட்டே நல்லது.

ஒரு டியூபுக்கு 10 பூச்சிக்கு மேல் போடாதீர்கள். பத்தில் ஒன்றில் மட்டும் கிருமி இருந்தால் சிடி மதிப்பு (கிருமி தென்படும் பிசிஆர் சுற்றின் எண்; கிருமி குறையக் குறைய இது கூடும்) சுமார் 3.3 தள்ளிப்போகும். கிருமி குறைவாக உள்ள பூச்சி அந்த இடைவெளியில் தப்பிவிடும்.

3. கியூபிசிஆர்

2006-இல் வெளிவந்த எச்எல்பிஏஎஸ், எச்எல்பிஆர் பிரைமர்களும் எச்எல்பிபி புரோபும் போதும். இவை கிருமியின் 16எஸ் மரபணுவைத் தேடுபவை. பிரைமர் தலா 240 நானோமோலார், புரோப் 120. 95 டிகிரியில் 20 விநாடி. பிறகு 95-இல் 1 விநாடி, 58-இல் 40 விநாடி என 40 சுற்று. எல்லா பாக்டீரியாவையும் பிடிக்கும் பொதுப் பிரைமர் உதவாது: கார்சொனெல்லா, புரோஃப்டெல்லா என்ற துணைக் கிருமிகள் இந்தப் பூச்சிக்குள் எப்போதும் குடியிருக்கின்றன.

கூடவே பூச்சியின் சொந்த மரபணுவான விங்லெஸையும் ஓட்டுங்கள். அது வராத டியூபில் கிடைத்த 'இல்லை' என்ற முடிவு செல்லாது. அந்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். கிருமி உறுதியான மாதிரி, சுத்தமான பூச்சி, வெறும் நீர், பூச்சியே போடாமல் பிரித்தெடுத்த டியூப் ஆகிய நான்கும் ஒவ்வொரு பிசிஆர் தட்டிலும் இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: சிடி 36, 37 வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். உடனே 'உண்டு' என்று எழுதிவிடாதீர்கள். அதே டிஎன்ஏவை மும்முறை ஓட்டுங்கள், நீர் டியூபில் ஏதும் வந்திருக்கிறதா பாருங்கள், அதே மரத்தில் குஞ்சுகளைப் புதிதாகப் பிடித்துச் சோதியுங்கள். அவற்றிலும் வந்தால், மரத்தின் பல கிளைகளிலிருந்து இலை நடுநரம்பை எடுத்துச் சோதித்து, விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.